சோறு போடுவோம், பக்கத்தில் தங்க விடமாட்டோம்

சென்னையில் ஓரளவு வசதியான ஏதாவது ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை தவறாமல் நடைபாதைக்காரர்களுக்குத் தயிர்சாதப் பொட்டலம் கொடுக்கிற ஒருவர் அங்கே இருப்பார். மகனின் பிறந்தநாளுக்கு ஐம்பது பேருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தவர் இருப்பார். மழைக்காலத்தில் வீடு வீடாகப் போர்வை சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுத்த கல்லூரிப் பெண் இருப்பார். இப்போது அதே தெருமுனையில் சும்மா கிடக்கும் மாநகராட்சிக் கட்டடத்தில் வீடற்றோர் காப்பகம் வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பட்டும். குடியிருப்போர் சங்கத்தின் எதிர்ப்பு மனுவில் இந்த மூன்று பேரின் கையெழுத்தும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வேஷக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பொட்டலம் கொடுத்தபோது வந்த இரக்கமும் நிஜம்தான், கையெழுத்துப் போடும்போது வந்த கலக்கமும் நிஜம்தான். ஒரே மனசில் இரண்டும் எப்படிக் குடியிருக்கின்றன என்பதைச் சிலர் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்காட் கிளிஃபோர்ட், ஸ்பென்சர் பிஸ்டன் என்ற இருவர் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீடற்றவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று சொன்னவர்களில் கணிசமானவர்கள், பொது இடத்தில் படுப்பதையும் கை நீட்டுவதையும் தடைசெய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது ஆசைக்குப் பின்னால் இருந்தது அருவருப்பு. அழுக்கு, நோய் என்றால் சட்டென்று முகம் சுளிக்கிற சுபாவம் உள்ளவர்கள், உதவி கூடாது என்று சொல்லவில்லை. கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே நம்மிடம் இரக்கம் போதவில்லை என்ற வழக்கமான புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரக்கம் ஏராளமாக இருக்கிறது. அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, ஏன் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களை எண்ணுவதற்கென்றே ஓர் இரவு ஒதுக்கினார்கள், பிப்ரவரி 28. சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தடி, மாடிப்படிக்கட்டின் கீழ், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்ஃபாரம், போட்டுவைத்த பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் என்று தூங்குகிறவர்களைத் தேடித்தேடி எண்ணியதில் நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். நகரங்களில் மட்டும் சுமார் 9.4 லட்சம். ஒரே ராத்திரியில் எடுத்த கணக்கு. போலீஸ் துரத்தும் என்று ஒதுங்கிப் படுப்பவரும், பாதுகாப்புக்காக இரவெல்லாம் பஸ் நிலையத்தில் விழித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணும் இதில் விட்டுப்போயிருப்பார்கள் என்று யோசித்தாலே தெரியும்.

வீடற்றவர் என்றதும் பலர் மனசில் வருவது ஒரே படம்: சடைபிடித்த தலை, கிழிந்த துணி, தனக்குத்தானே பேச்சு. அப்படி இருப்பவர்கள் உண்டு, ஆனால் எல்லாரும் அப்படி அல்ல. பாரிமுனை, பிராட்வே பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டிய குடும்பங்கள் இருக்கின்றன. கோயம்பேட்டில் ராத்திரி லோடு இறக்கிவிட்டு மூட்டைகளுக்கு நடுவே தூங்குகிற ஆண்கள் இருக்கிறார்கள். அடி தாங்காமல் வெளியே வந்த பெண்கள், பிள்ளைகள் கைவிட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். பகலில் கல்யாண மண்டபத்தில் உங்களுக்கு இலை போட்டுப் பரிமாறியவர் ராத்திரி எங்கே போய்ப் படுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நடைபாதைக் குடும்பத்தின் காலை எப்படி இருக்கும்? கடை ஷட்டர் திறக்குமுன் எழுந்தாக வேண்டும். தார்ப்பாயைச் சுருட்டி, படுத்த இடத்தைப் பெருக்கி, பாத்திரம், துணிமணி, பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாவற்றையும் ஒரு டிரம்முக்குள் அடைத்து மூட வேண்டும். காலைக்கடனுக்குக் கட்டணக் கழிப்பிடம், தலைக்கு இவ்வளவு, குளிக்க இன்னும் கொஞ்சம் கூட. நாலு பேர் உள்ள குடும்பம் கணக்குப் பார்த்துத்தான் குளிக்கும். ராத்திரியில் கழிப்பிடம் பூட்டியிருக்கும் என்பதால் பெண்கள் பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். 'குளிக்கவாவது கூடாதா?' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

'கை கால் நல்லாத்தானே இருக்கு?'

வீடற்றவர்களைப் பற்றி நம்மூரில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். உழைத்துச் சாப்பிட வேண்டியதுதானே என்பது அதன் மிச்சப் பாதி.

உளவியலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நமக்கு நடப்பதற்குச் சூழ்நிலையைக் காரணம் சொல்வோம், அடுத்தவருக்கு நடப்பதற்கு அவர் குணத்தைக் காரணம் சொல்வோம். நாம் ஆபீசுக்குத் தாமதமாகப் போனால் டிராஃபிக். பக்கத்து சீட்டுக்காரர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாத ஆள். நடைபாதையில் படுத்திருப்பவர் விஷயத்தில் இது இன்னும் பலமாக வேலை செய்யும். ஆள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறார். அவரை அங்கே கொண்டுவந்து விட்ட இருபது வருஷம் தெரிவதில்லை.

அந்த இருபது வருஷத்தைக் கொஞ்சம் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான இடம் ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர், 1985-ல் தீர்ப்பு வந்தது. மும்பை நடைபாதைவாசிகளைப் பிடித்து அவரவர் ஊருக்கே ஏற்றி அனுப்ப வேண்டும் என்று 1981-ல் மகாராஷ்டிர அரசு முடிவெடுத்ததை எதிர்த்த வழக்கு. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத விவசாயக் கூலி. மழை பொய்த்து வேலை போனதால் 1961-ல் மும்பைக்குப் போனார். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய்க்கு வேலை. அந்தக் கூலிக்கு வீடு கிடைக்காது. நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக்கும் தார்ப்பாயும் கட்டிய ஒரு மறைப்புக்கு அந்த வட்டாரத் தாதா ஒருவர் 2,500 ரூபாய் பிடுங்கிக்கொண்டார். அதில் மனைவி, மூன்று பெண் பிள்ளைகளோடு குடித்தனம். 1981 ஜூலையில் மாநகராட்சி அதைப் பிரித்துப் போட்டு, குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றியது. அவர் மறுபடி மும்பைக்கே திரும்பினார், மறுபடி நடைபாதைக்கே போனார். வேலை அங்கேதானே இருக்கிறது.

உழைக்காதவர் என்று இவரை எப்படிச் சொல்வது? வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நடைபாதையில் இருந்தார். நீதிமன்றமும் இதை ஏற்று, வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றது. கையோடு, முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. இரக்கமும் அகற்றலும் ஒரே தீர்ப்பில் அடுத்தடுத்து வந்ததைப் பார்த்தால் மேலே சொன்ன குடியிருப்போர் சங்கத்தை ரொம்பத் திட்டத் தோன்றவில்லை.

இன்றைய சென்னையிலும் கணக்கு அதே மாதிரிதான். தினக்கூலிக்காரர் மாத வாடகையைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். அட்வான்ஸ் என்று மொத்தமாகக் கேட்கும் தொகையைப் புரட்ட முடியாது. அதற்குப் பிறகு வீட்டுக்காரரின் கேள்விகள் வேறு: எந்த ஊர், என்ன ஆளுங்க, எத்தனை பேர், இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? கடைசிக் கேள்விக்கு 'பிராட்வே நடைபாதையில்' என்று பதில் சொல்லிப் பாருங்கள்.

'தலையெழுத்து' என்று ஏன் சொல்கிறோம்?

மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பெண் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்சார ஷாக் கொடுப்பது போலக் காட்டி, மற்றவர்களைப் பார்க்க வைத்தார்கள். உண்மையில் ஷாக் எதுவும் கிடையாது, பார்த்தவர்களுக்கு அது தெரியாது. ஷாக்கை நிறுத்தும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் நிறுத்தினார்கள், அந்தப் பெண்ணைப் பற்றி மரியாதையாகவே பேசினார்கள். எதுவும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களோ, போகப்போக அந்தப் பெண்ணையே மட்டமாக எடைபோட ஆரம்பித்தார்கள்.

காரணம் இப்படி: உலகம் நியாயமாக நடக்கிறது, நல்லவருக்கு நல்லதே வரும் என்று நம்பினால்தான் நமக்கு ராத்திரி தூக்கம் வரும். ஒரு தப்பும் செய்யாதவர் தெருவில் கிடக்கிறார் என்றால் நாளைக்கு நானும் கிடக்கலாம். அதை ஏற்பதைவிட 'ஏதோ செஞ்சிருப்பான்', 'போன ஜென்மத்து வினை' என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு கடந்து போவது எளிது. லெர்னர் கண்டதில் முக்கியமானது, கையாலாகாத நிலையில்தான் பழி போடுகிறோம் என்பது. ஏதாவது செய்ய வழி இருந்தால் பழி குறைகிறது. தினமும் ஆயிரம் பேர் கடந்து போகும் நடைபாதையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. பழி பெருகுவதற்கு அது தோதான இடம்.

அவசரம் வேறு. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் செய்த சோதனை 1973-ல் வெளிவந்தது. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுகிறார். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று விசாரித்தார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். இத்தனைக்கும், வழியில் கிடந்தவருக்கு உதவிய சமாரியன் கதையைப் பற்றிப் பேசத்தான் சிலர் போய்க்கொண்டிருந்தார்கள்!

என்ன காய் பிடிக்கும்?

அருவருப்புக்கு வருவோம், ஏனென்றால் இதுதான் கேட்கச் சங்கடமான பகுதி. லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் இருவரும் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்துப் பலவகை மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். பொதுவாக ஒரு மனிதரைப் பார்த்தால், அவர் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்று யோசிக்கும்போது வேலை செய்கிற ஒரு பகுதி நம் நெற்றிக்குப் பின்னால் சுறுசுறுப்பாகும். வீடற்றவர்களின், போதை அடிமைகளின் படங்களைப் பார்த்தபோது அந்தச் சுறுசுறுப்பு போதிய அளவு தென்படவில்லை. அருவருப்போடு தொடர்புடைய பகுதி விழித்துக்கொண்டது. மனிதரை மனிதராகப் பார்க்கும் வேலை தொடங்கவே இல்லை என்று ஆய்வாளர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

அடுத்த வருஷம் கேள்வியை மாற்றினார்கள். அதே மாதிரி படங்கள்தான். ஆனால் இந்த முறை, 'இவருக்கு இந்தக் காய் பிடிக்குமா?' என்று யூகிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் கேள்வி. தூங்கிக்கிடந்த பகுதி வேலை செய்ய ஆரம்பித்தது.

ஸ்கேன் படத்தை வைத்து மனசைப் படித்துவிட்டதாகச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஒரு பல்கலைக்கழக மாணவர்களை வைத்து உலகத்தையே எடைபோட முடியாது. ஆனாலும் இந்தக் காய் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பொட்டலம் கொடுக்கும்போது நாம் கேட்காமல் விடுவது இதைத்தான். தயிர்சாதமா, சாம்பார்சாதமா என்று யாரும் கேட்பதில்லை. அமாவாசையன்று ஒரே நடைபாதைக்கு நாலு வண்டியில் நாலு தடவை சோறு வந்து மீந்து போகும். மறுநாள் ஒன்றும் வராது. என்ன வேண்டும் என்று ஒருவரைக் கேட்டிருந்தால், ஒருவேளை கொசுவர்த்தி என்றிருப்பார், இல்லை நாப்கின் என்றிருப்பார், இல்லை பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு கையெழுத்து என்றிருப்பார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடக்கிறது. தெருவில் இருப்பவரைப் பிடித்து, முடிவெட்டி, குளிக்கவைத்து, புதுச்சட்டை போட்டு, முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று வீடியோ போடுகிறார்கள். பார்ப்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். அவர் சம்மதித்தாரா, ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் அந்த வீடியோவைப் பார்ப்பதை விரும்பினாரா என்பதை யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. மனநோய் இருப்பவராக இருந்தால் அவர் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி தனி.

'காசு கொடுத்தா குடிச்சிடுவான்'

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது நம்மிடம் ஊறிப்போன பழமொழி. கொடுக்கிறவருக்கு அது எச்சரிக்கை, வாங்குகிறவருக்கு அது பரீட்சை. பாஸ் ஆகிறவர்கள் யார்? வயதானவர், கைக்குழந்தைக்காரி, கண் தெரியாதவர், அப்புறம் இங்கிலீஷ் பேசுகிறவர். 'பட்டதாரி தெருவில் கிடக்கிறார்' என்று ஒரு வீடியோ வந்தால் பணம் கொட்டும். பக்கத்தில் படுத்திருக்கும் படிக்காதவர் அங்கே கிடப்பது மட்டும் இயல்பாகிவிடுகிறது.

இந்தச் சந்தேகத்தை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு உண்டு. கனடாவின் வான்கூவரில் 2018-ல் வீடற்றவர்கள் 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலர் மொத்தமாகக் கொடுத்தார்கள். எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை கிடையாது. பணம் கொடுக்கப்படாத 65 பேரோடு ஒப்பிட்டு ஒரு வருஷம் கவனித்தார்கள். முடிவுகள் 2023-ல் வெளியாயின. பணம் வாங்கியவர்கள் மற்றவர்களைவிட சராசரியாக 99 நாள் குறைவாகத் தெருவிலும் காப்பகத்திலும் கழித்தார்கள். குடி, சிகரெட், போதைக்கான செலவு கூடவில்லை. அரசுக் காப்பகத்தில் இருக்கும் நாள் குறைந்ததால் மிச்சமான செலவு, கொடுத்த பணத்தையே தாண்டியது.

இதைவிடச் சுவாரசியம், அதே ஆய்வில் பொதுமக்களிடம் கேட்ட கேள்வி. வீடற்றவர் கையில் இந்தப் பணம் கிடைத்தால், வீடுள்ளவரைவிட 81 சதவீதம் அதிகமாகக் குடி, போதை போன்றவற்றில் செலவழிப்பார் என்று யூகித்தார்கள். நடந்தது அப்படி இல்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கடுமையான போதைப் பழக்கமோ மனநோயோ இருந்தவர்களை ஆரம்பத்திலேயே இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதனால் எல்லாருக்கும் கையில் பணம் கொடுத்தால் போதும் என்று இதை வைத்து வாதாட முடியாது. நம் யூகம் எவ்வளவு தூரம் தவறிப்போகிறது என்பதைக் காட்ட இது போதும்.

குடிக்கிறவர் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கொட்டும் மழையில் திறந்த வெளியில் தூங்க வேண்டியவர் குடிக்கிறார். அவர் குடித்ததால் தெருவுக்கு வந்தாரா, தெருவுக்கு வந்ததால் குடிக்கிறாரா என்பதைக் கடந்து போகிற நாலு செகண்டில் கண்டுபிடிக்க முடியாது.

நெருங்கிப் பார்த்தால்

பேட்சன் குழுவினர் 1997-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். வீடற்ற ஒருவரின் கதையைக் கேட்கும்போது அவர் நிலையில் இருந்து யோசிக்கச் சொன்னால், அந்த ஒருவர் மேல் மட்டுமல்ல, வீடற்றவர்கள் எல்லார் மேலும் உள்ள எண்ணம் மாறுகிறது. ஸ்டான்ஃபோர்டில் இதையே, கண்முன் நிஜம்போல ஓர் உலகத்தைக் காட்டும் விஆர் கண்ணாடி மாட்டிச் செய்துபார்த்தார்கள். வேலை போய், வீட்டுச் சாமானை விற்று, ராத்திரி பஸ்ஸில் தூங்குகிற அனுபவத்தை அதற்குள் காட்டினார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, கண்ணாடி மாட்டியவர்களில் 82 சதவீதம் பேர் மலிவு வீட்டுவசதிக்கான மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். கதையாக மட்டும் படித்தவர்களில் 67 சதவீதம். மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு எதுவும் செலவாகாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்காக இந்த முயற்சிகளை ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் ஒரு நடைபாதைக்காரரிடம் பெயர் கேட்டுப் பத்து நிமிஷம் பேசினால் கிடைப்பதைக் கண்ணாடி தராது என்றே நினைக்கிறேன்.

மனநோயோடு தெருவில் அலைபவர் விஷயத்தில் பேச்சு மட்டும் போதாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு அங்கே உதவும். அப்படி ஒருவர் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிகிறார் என்று தெரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்டுவது போலீசின் கடமை. லாக்கப்பில் வைக்கவே கூடாது. 1993-ல் சென்னையில் தொடங்கிய பான்யன் என்ற தொண்டு நிறுவனம், தெருவில் திரிந்த பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்துக் குடும்பத்தோடு சேர்த்துவைப்பதை இத்தனை வருஷமாகச் செய்கிறது. 'குணமாகாது' என்ற நம்பிக்கையும் நம் அருவருப்பின் ஒரு பகுதிதான்.

அப்புறம் காப்பகம். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 60 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள சென்னைக்கு அந்தக் கணக்கில் குறைந்தது 60 வேண்டும். அவை எங்காவது ஒரு தெருவில்தான் இருந்தாக வேண்டும். 'காப்பகம் கொடுத்தாலும் போக மாட்டேங்கறாங்க' என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒரு விவரத்தைக் கவனிப்பதில்லை. காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவன், மனைவி, வளர்ந்த மகன் சேர்ந்து வாழும் நடைபாதைக் குடும்பம் அங்கே போனால் இரண்டு துண்டாகும்.

'வீடே கொடுத்தும் திரும்பி வந்துட்டாங்க' என்பதும் அடிக்கடி காதில் விழும். இப்படி அரசு வீடு கொடுக்கும் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் பாரிமுனையிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே வீடு கிடைத்தவர் பழைய நடைபாதையில் பூ விற்பதைப் பார்த்தால் முகம் சுளிக்குமுன், விடிகாலையில் பூ மொத்தமாக வாங்க வேண்டியவருக்கு அங்கிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு, போக வரச் செலவு எவ்வளவு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.